பொரியில் விழுந்த மரத்தூள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஆயுத பூஜைக்காக, மரம் தேய்க்கும் ஸ்பிண்டில் சாண்டரைப் பிரித்துக் கழுவினோம்.
2. மோட்டாருக்குப் பெயிண்ட் அடித்தோம்.
3. திரும்ப மாட்டினோம்.
4. பூஜை போட்டோம். அதன் பிறகு யாரும் தொடவில்லை.
5. விஜயதசமி காலையில் ஓட்டினோம். முன்பைவிட நன்றாக ஓடியது.
6. தயாளன் சார் ஒரு கைப்பிடி பொரி எடுத்து வாயில் போட்டார்.
7. மெஷினை நிறுத்தினோம்.
8. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆறாவது வரி தவறுதலாக வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது இல்லாமல் ஏழாவது நடந்திருக்காது. எட்டாவதை இப்படி எழுதியிருக்கவும் முடியாது.

நீங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்த அன்றே, சாண்டர் மேசையில் உளியால் செதுக்கிய அம்புக்குறி எதற்கு என்று கேட்டீர்கள். லோகு ஒரு கதை சொன்னான். அந்தக் கதையில் மெஷின் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது, அவன் தாவிப் பிடித்தான். கேட்க நன்றாக இருந்தது, அதனால் நான் குறுக்கிடவில்லை. ஆனால் நான் கோயம்புத்தூர் போன பிறகு இந்த மெஷின் உங்கள் பொறுப்பு. என்ன நடந்தது என்பதும், அதைவிட முக்கியமாக என்ன நடக்காமல் தப்பியது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பட்டறை செய்யும் நாற்காலிகளை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். தானாக நிமிர்ந்து உட்கார முடியாத குழந்தைகளுக்கானவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு குழந்தையின் அளவுக்குச் செய்யப்படுவது. நான் அளவெடுத்து வரைவேன், லோகு வெட்டிப் பூட்டுவான். நேரான விளிம்புகளில் எங்களுக்கு எப்போதும் தொல்லை இருந்ததில்லை. வளைவுகள்தான் பிரச்சினை. குறிப்பாக, நாற்காலியின் முன்னால் சின்ன மேசைபோல மாட்டும், குழந்தையின் நெஞ்சைச் சுற்றி வரும் மரத்தட்டு. அதில் அரைவட்டமாக வெட்டிய இடத்தின் உள்விளிம்பைக் கையில் உப்புத்தாளைச் சுருட்டி வைத்துத்தான் தேய்ப்போம். பார்வைக்கு வழவழப்பாக இருக்கும். விரலை ஓட்டினால் அங்கங்கே மேடும் பள்ளமும் தட்டுப்படும்.

கயலுக்குச் செய்த முதல் தட்டு அப்படிப்பட்டது. கயல் கீழ்க்கட்டளையில் இருக்கும் சின்னப் பெண். பேச்சு வரவில்லை. கைகளை வீசி அசைப்பாள், அந்த அசைவை அவளால் கட்டுப்படுத்த முடியாது. நாற்காலியைக் கொடுத்துச் சில நாட்களில் அவள் அம்மா ரேவதி தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கூடவே போனில் ஒரு படம். கயலின் அக்குளுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு.

ரேவதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நித்யா, வலிக்குதுன்னு அவளால சொல்ல முடியாது. அழுவா, அவ்ளோதான். வீட்ல இருந்தா நான் தூக்கிப் பார்ப்பேன். ஸ்கூல்ல அழுதா பசிக்குதுன்னுதானே நினைப்பாங்க? சாப்பாடு ஊட்டுவாங்க. அது உரசிக்கிட்டே இருக்கும்."

பள்ளி விஷயத்தை அப்போதுதான் சொன்னார். அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் விஜயதசமியன்று எல்.கே.ஜி. சேர்க்கை. குழந்தைகளை உட்கார வைத்து அரிசியில் எழுத்து எழுத வைப்பார்கள். கயல் தன் சொந்த நாற்காலியில் மற்ற குழந்தைகளோடு உட்காருவதைப் பார்த்த பிறகு முடிவு சொல்வதாகத் தலைமை ஆசிரியை கூறியிருந்தார். மதியம் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். அன்று முடியாவிட்டால் அடுத்த கல்வியாண்டில் பார்க்கலாம். ரேவதி அதற்கு முன் ஏறி இறங்கிய பள்ளிகளில் இந்த அளவுக்குக்கூட யாரும் இறங்கி வரவில்லை.

இப்படித்தான் சாண்டர் பிறந்தது.

மேசையின் நடுவில் ஓர் உருளை நிமிர்ந்து நின்று சுழல வேண்டும். அதைச் சுற்றி உப்புத்தாள். மரத்தை மேசைமேல் வைத்து உருளையில் ஒட்டி நகர்த்தினால் உள்வளைவு ஒரே சீராகத் தேய்ந்து வரும். கடையில் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. ஆகவே பட்டறையில் கிடந்ததை எல்லாம் கொட்டிப் பார்த்தோம். உடைந்து ஓரமாகக் கிடந்த டிரில்லிங் மெஷினிலிருந்து தண்டும் பேரிங்கும் கிடைத்தன. மேசைக்கு, அளவு தவறி ஒதுக்கிய சமையலறைக் கதவு ஒன்று, மைக்கா ஒட்டியது. உருளையை லோகு மிச்ச மரத்தில் கடைந்து, சைக்கிள் டியூபை அறுத்து மேலே உறையாக மாட்டினான். தூளை இழுக்கத் தயாளன் சார் வீட்டுப் பழைய வாக்குவம் கிளீனர். மோட்டாரும் அவர் வீட்டுப் பரணிலிருந்து வந்ததுதான். வெட் கிரைண்டர் மோட்டார்.

"இன்னாக்கா, மரம் தேய்க்கறதா, மாவு ஆட்டறதா?" என்றான் லோகு. "ரெண்டும் பண்ணும்னா சொல்லு, எங்க வூட்டுக்காரிகிட்ட சொல்லி அரிசி ஊறப் போட சொல்றேன்."

லோகு முடிச்சூரிலிருந்து வருகிறவன். என்னைவிட இரண்டொரு வயது சின்னவன். அவன் வாய் ஓயாது, ஆனால் கை ஓயாதவனும் அவன்தான்.

முதல்முறை ஓட்டியபோது உருளை எதிர்த்திசையில் சுற்றியது. மோட்டாரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. நாம் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் உருளை இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. உருளையை மேலிருந்து பிடித்திருப்பது ஒரு சாதாரண நட்டு. சரியான திசையில் சுற்றினால் வேலை செய்யச் செய்ய அந்த நட்டு இறுகும். எதிர்த்திசையில் சுற்றினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவரும். திசை மறக்கக் கூடாது என்பதற்காக மோட்டாரின் உடம்பில் மார்க்கர் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்தேன். தூள் வலப்பக்கமாகப் பறந்ததால் வாக்குவம் குழாயை வலப்பக்கம் கட்டினோம்.

கயலின் புதிய தட்டை அந்த மெஷினில்தான் தேய்த்தோம். நன்றாக வந்தது. விளிம்பில் ஒட்டிய மெல்லிய சட்டத்தின் பசை காய்வதற்காக, கடைசிச் சுற்றுத் தேய்ப்பை மட்டும் விட்டு வைத்தோம். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

பட்டறையில் ஆயுத பூஜை எப்படி என்று இந்த ஆண்டு பார்ப்பீர்கள். சுத்தியல் முதல் லோடு ஆட்டோ வரை எல்லாம் குளிக்கும். உளிகள் எண்ணெய் பூசி வரிசையாகப் படுத்திருக்கும். புதிதாக வந்த மெஷின் என்பதால் சாண்டருக்குத் தனி உபசாரம். லோகு மோட்டாரைக் கழற்றி இறக்கினான். அதன் மேல் பழைய மாவு கெட்டியாக ஒட்டிக் காய்ந்திருந்தது. பெயிண்ட் தின்னர் விட்டுத் துடைத்தான். மாவு போனது. என் அம்புக்குறியும் போனது. பிறகு சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தான். திரும்ப மாட்டும்போது நான்கு ஒயர்களும் ஒரே கறுப்பாக இருந்தன. எப்படி நினைவிருந்ததோ அப்படி முறுக்கினான். பெயிண்ட் ஈரமாக இருந்ததால் ஓட்டிப் பார்க்கவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் தயாளன் சார் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். மோட்டாருக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம்.

"இனி நாளைக்கு காலைல வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது" என்றார். "சாமிக்கு வச்சாச்சு."

அவரை நீங்கள் அறிவீர்கள். ஷெட் இருப்பதே அவர் குடும்பத்து நிலத்தில்தான். நாற்காலி விஷயத்தில் நான் சொல்வதைக் கேட்பார். பூஜை விஷயத்தில் யார் சொல்வதையும் கேட்க மாட்டார்.

ஆகவே கயலின் தட்டுக்குக் கடைசித் தேய்ப்பு விஜயதசமி காலை என்று ஆனது. எனக்கும் அதில் மனக்குறை இல்லை. பூஜை முடிந்து முதல் வேலையாக அதைச் செய்வது பொருத்தமாகவே பட்டது. சின்ன வேலை. முடித்து, நாற்காலியில் பூட்டி, லோடு ஆட்டோவில் ஏற்றினால் போதும். ரேவதி கயலோடு பட்டறைக்கே வந்து, உட்கார வைத்துப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போவதாக ஏற்பாடு.

காலையில் தயாளன் சார் கற்பூரம் காட்டி, மேசையிலிருந்து மாலையை எடுத்தார். லோகு சுவிட்சைப் போட்டான். உருளை சுழன்றது. அந்த வேகத்தில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையில் ஓடினாலும் மோட்டாரின் சத்தம் ஒன்றுதான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து நாற்காலியின் கால்களைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, மெஷின் இன்னிக்கு செம மூடுல கீது" என்றான் லோகு. "நான் தள்ளவே வேணாம். மரத்த அதுவே வலிச்சுகினு போவுது பாரு."

"பூஜை போட்ட மெஷின்டா" என்றார் தயாளன் சார். "அப்புறம் இன்னா நெனச்ச?"

எனக்கு அந்த இடத்திலேயே உறைத்திருக்கலாம். வழக்கமாக உருளையை எதிர்த்து மரத்தைத் தள்ளுகிறோம். மரம் தானாக ஓடினால் ஏதோ மாறியிருக்கிறது. ஆனால் ஒரு வேலை சுலபமாகும்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நின்று போனால் உடனே கேட்போம்.

மேசைக்கு இடப்பக்கம் ஜன்னல் மேடையில் பூஜைப் பொரி ஒரு தாம்பாளத்தில் இருந்தது. தயாளன் சார் நடந்துகொண்டே ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். அப்படியே நின்றார்.

"த்தூ. இன்னாடா லோகு, பொரில மண்ணு கீது? எந்தக் கடைல வாங்கின?"

"நம்ம கேம்ப் ரோடு கடைதான் சார். நேத்து நீங்களே ரெண்டு படி துன்னீங்களே, அப்போ நல்லா இருந்துச்சா?"

"டேய், வந்து துன்னு பாருடா. கரகரன்னு கீது."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பொரியின் மேல் மாவு சலித்தது போல ஒரு படலம். தொட்டுப் பார்த்தேன். மண் இல்லை, மரத்தூள். இடப்பக்கம் தூள் வருவதற்கு வழியே இல்லை. இத்தனை நாளும் தூள் வலப்பக்கம்தான் போனது, வாக்குவம் குழாயும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

"லோகு, கையை எடு. மரத்தோட பின்னாடி வா. சுவிட்ச நான் அணைக்கிறேன்."

"இன்னும் ஒரு இஞ்சுதான்க்கா..."

"லோகு, பின்னாடி வா."

நான் சத்தம் போட்டதாக அவன் சொல்வான். நான் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். அவனும் சாதாரணமாகத்தான் பின்னால் வந்தான். சுவிட்சை அணைத்தேன். உருளை சுற்றி ஓயும்வரை காத்திருந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நட்டைத் தொட்டேன். ஸ்பேனர் போட்டு இறுக்கிய நட்டு. இரண்டு விரலால் லேசாகத் திருகியதும் கையோடு வந்துவிட்டது. கடைசி மரையில் நின்றிருக்கிறது.

வேலை செய்யும்போது லோகு பென்சில் கோட்டைப் பார்ப்பதற்காக உருளைக்கு நேர் மேலே குனிந்திருப்பான். நட்டு கழன்றிருந்தால் உருளை தண்டில் ஏறி மேலே வந்திருக்கும். மேலே அவன் முகம். லோகு தன் முகத்தை ஒருமுறை தடவிக்கொண்டான், அவ்வளவுதான்.

பிறகு வந்ததுதான் கடினமான பகுதி. அதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

"நட்ட இறுக்கிட்டு முடிச்சுரும்மா" என்றார் தயாளன் சார். "ஒரு இஞ்சுதானே பாக்கி? அந்தப் பொண்ணு கெளம்பி வந்துகினு இருக்கும். மணி ஆவுது."

அவர் பொறுப்பில்லாமல் சொல்லவில்லை. அவரும் கயலை நினைத்துத்தான் சொன்னார். நட்டை நன்றாக இறுக்கினால் ஓர் அங்குலத்துக்குத் தாங்கும் என்று எனக்கும் தோன்றியது. அதுவே என்னைப் பயமுறுத்தியது. தாங்கும் என்று தோன்றுவதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. எதிர்த்திசையில் எவ்வளவு நேரத்தில் கழலும் என்று நாங்கள் சோதித்ததில்லை. அந்த நேரம் பார்த்து ரேவதி கூப்பிட்டார். ஆட்டோவில் ஏறிவிட்டதாகச் சொன்னார்.

"மேடம், மெஷின்ல ஒரு தப்பு இருக்கு. சரிபண்ணிட்டுத்தான் ஓட்டுவேன். கொஞ்சம் லேட் ஆகும். எவ்ளோன்னு இப்போ சொல்ல முடியல" என்றேன்.

ஆட்டோ சத்தத்துக்கு மேல் ரேவதி கேட்டார்.

"பன்னெண்டுக்குள்ள ஆயிடுமா?"

"ஆயிடும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"சரி" என்றார். "நாங்க வர்றோம்."

அவர் திட்டியிருந்தால்கூட நான் நட்டை மட்டும் இறுக்கிவிட்டு ஓட்டியிருக்க மாட்டேன் என்று நம்ப விரும்புகிறேன். அவசரத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே வழி. செய்ய வேண்டியதை வாய்விட்டு வரிசையாகச் சொல்லி, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததற்குப் போவது. உருளையைக் கழற்று. ஒயரை மாற்று. உருளை இல்லாமல் வெறும் தண்டை ஓட்டு. தண்டின் மேல் ஒரு துண்டு நூலைக் கட்டி, சுவிட்சைத் தட்டி உடனே அணைத்து, ஓயும்போது நூல் எந்தப் பக்கம் போகிறது பார். அதன் பிறகு உருளை. அதன் மேல் நட்டு. அந்த நட்டின் மேல் இன்னொரு நட்டு, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடிக்கும் செக் நட்டு.

"இன்னொரு நட்டு எங்கருந்துக்கா கெடைக்கும்? இன்னிக்கு எல்லா கடையும் பூட்டி கீது."

"டிரில்லிங் மெஷின் மிச்சம் எங்க?"

டிரில்லிங் மெஷினின் மிச்சம் பூஜையில் இருந்தது. ஓடாத இரும்பு என்றாலும் அதற்கும் பொட்டு வைத்துப் பூச்சூட்டியிருந்தார் தயாளன் சார். லோகு அவரைப் பார்த்தான்.

"என்னை இன்னாடா பாக்கற? கழட்டு" என்றார் அவர். "சாமி கோச்சுக்காது. நான் சொல்லிக்கிறேன்."

நூல் வலப்பக்கம் போனது. லோகு மிச்ச அங்குலத்தைத் தேய்த்தான். இந்த முறை மரம் தானாக ஓடவில்லை, தள்ள வேண்டியிருந்தது. தூள் வாக்குவம் குழாய்க்குள் போனது. மெஷினை நிறுத்தியதும் நட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்பேனர் இல்லாமல் அசையவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். லோகு, "யக்கா, பொரி துன்றியா?" என்று தாம்பாளத்தை நீட்டினான். மூன்று பேரும் சிரித்தோம். தயாளன் சாருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

ரேவதி வந்தபோது தட்டு நாற்காலியில் பூட்டியாகிவிட்டது. அவர் கயலை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு முதலில் தான் மட்டும் வந்தார். தன் நைலான் துப்பட்டாவை அரைவட்டத்தின் உள்விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தார். சின்னச் சிலாம்பு இருந்தாலும் நைலான் மாட்டிக்கொள்ளும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்தார். திரும்பவும் இழுத்தார். எங்கும் நிற்கவில்லை. பிறகுதான் போய்க் கயலைத் தூக்கிவந்தார்.

பள்ளிக்கு நானும் போனேன். லோடு ஆட்டோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். மேடவாக்கம் சிக்னலில் நின்றபோது மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் இருந்தது.

வகுப்பறையில் குழந்தைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கயலின் நாற்காலியை வரிசையின் ஓரத்தில் வைத்தோம். மற்றவர்களுக்கு முன்னால் இருந்தது போலவே அவள் தட்டின் மேலும் அரிசி பரப்பிய ஒரு தாம்பாளத்தை வைத்தார்கள். ரேவதி அவள் விரலைப் பிடித்து 'அ' எழுத ஆரம்பித்தார். பாதி எழுத்தில் கயல் கையை வீசினாள். அரிசி தரையெல்லாம் சிதறியது. ரேவதி பதறிப்போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தார்.

"விடுங்கம்மா" என்றார் அவர். "அரிசிய கொட்டாத குழந்தை இன்னிக்கு யாரும் இல்ல. என் புடவையப் பாருங்க."

கயல் மறுபடி கையை வீசினாள், மறுபடியும். ஒவ்வொரு முறையும் அவள் கையின் உள்பக்கம் அந்த விளிம்பில் உரசிப் போய்வந்தது. நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்த பையன் அழுதான், முன்னால் இருந்த இரண்டு பெண்கள் அழுதார்கள். கயல் தட்டில் மிஞ்சிய அரிசியைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு ரேவதி அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். தோல் தோலாகவே இருந்தது. அலுவலகத்தில் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரேவதி வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயங்கள்தான் இருக்கின்றன. எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுகிற இடத்தில் முக்கியமான அடையாளத்தை எழுதாதீர்கள், செதுக்குங்கள். இன்னொன்று, மெஷின் வழக்கத்தைவிட நன்றாக ஓடினால் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

இப்போதைய நிலவரம் இது. சாண்டர் ஓடுகிறது, அதே கிரைண்டர் மோட்டாரில். ஒயர்களுக்கு இப்போது நிறம் உண்டு. பூஜைக்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தயாளன் சார் ஒப்புக்கொண்டிருக்கிறார். லோகுவின் முகம் முழுசாக இருக்கிறது, வாயும்தான். கயல் யு.கே.ஜி.க்குப் போய்விட்டாள். நன்றாக வளர்ந்திருக்கிறாள், பழைய தட்டு நெஞ்சில் இறுக்குகிறது. போன வாரம் கீழ்க்கட்டளைக்குப் போய்ப் புதிய அளவு எடுத்துவந்தேன். மரம் வெட்டியாயிற்று, அரைவட்டமும் அறுத்தாயிற்று, தேய்ப்பது மட்டும் பாக்கி. அதை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.